யுரேனிய சல்ஃபேட் மாதிரி கைக்கு வந்தால்: ஜோகன்னைட்டும் அதன் உறவுகளும்

பழைய யுரேனியச் சுரங்கங்களின் சுவர்களில் பச்சையாகவோ மஞ்சளாகவோ மெல்லிய படலம் பூத்திருக்கும். அவற்றில் ஒரு பகுதி யுரேனிய சல்ஃபேட் கனிமங்கள். பச்சை என்றால் பெரும்பாலும் ஜோகன்னைட் என்றும், மஞ்சள் என்றால் சிப்பைட் அல்லது யுரனோபிலைட் என்றும் சீட்டு எழுதி விற்பார்கள். சீட்டு சரியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இத்தகைய மாதிரி ஒன்றை முதன்முதலாக வாங்கியவர், அதைக் கெடுக்காமலும் தன்னைக் கெடுத்துக்கொள்ளாமலும் என்னவென்று அறிந்து பத்திரப்படுத்தும் முறை இங்கே வரிசையாக இருக்கிறது. வரிசையை மாற்ற வேண்டாம். தொடாமல் செய்யும் சோதனைகள் முதலில், மாதிரியில் ஒரு துகளை அழிக்கும் சோதனைகள் கடைசியில்.

முதலில் கொஞ்சம் வேதியியல்

யுரேனியத் தாதுவோடு பைரைட் போன்ற இரும்புச் சல்ஃபைடுகளும் பாறையில் இருப்பது வழக்கம். சுரங்கம் வெட்டிக் காற்றும் ஈரமும் உள்ளே போனதும் பைரைட் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலம் உண்டாகிறது. கரையாத நான்கு இணைதிற யுரேனியம், ஆக்ஸிஜனோடு சேர்ந்த ஆறு இணைதிற யுரேனைல் அயனியாக மாறி அந்த அமிலநீரில் கரைகிறது. நீர் சுவர் வழியே கசிந்து வந்து காற்றில் உலர்கிறது. செங்கல் சுவரில் உப்புப் பூப்பது போலத்தான் இதுவும், உப்புக்குப் பதில் யுரேனைல் சல்ஃபேட். அமிலம் விட்டு யுரேனியத்தைக் கரைத்தெடுக்கும் ஆலைகளில் வேண்டுமென்றே நடத்துவதும் இதே வினைதான்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் புரியும். முதலாவது, இந்தக் கனிமங்கள் நீரிலிருந்து வந்தவை; படிகத்துக்குள்ளேயே நிறைய நீரை வைத்திருப்பவை; அதனால் ஈரத்துக்கும் வறட்சிக்கும் ஈடுகொடுக்காதவை. இரண்டாவது, பல மாதிரிகள் சுரங்கம் வெட்டியபின் உருவானவை என்பதால் அவற்றின் வயது சில பத்தாண்டுகளோ ஒன்றிரண்டு நூற்றாண்டுகளோதான். இந்த இளவயதுதான் கதிரியக்கத்தின் தன்மையை மாற்றுகிறது. மூன்றாவது, படலம் மெல்லியது, மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை 2 முதல் 2.5 வரைதான். நகம் பட்டாலே கீறும், உரசினால் தூளாகும்.

ஜோகன்னைட்டில் செம்பு ஒன்றுக்கு இரண்டு யுரேனைல், இரண்டு சல்ஃபேட், இரண்டு ஹைட்ராக்சில், எட்டு நீர் மூலக்கூறுகள். எடையில் யுரேனியம் ஏறக்குறைய 49 விழுக்காடு. பச்சை நிறத்துக்குச் செம்பு காரணம். 1830-இல் கனிமவியலாளர் ஹைடிங்கர் இதற்கு ஆஸ்திரிய இளவரசர் யோகானின் பெயரை வைத்தார். முதன்முதலில் கிடைத்த இடம் இன்றைய செக் குடியரசின் யாக்கிமோவ். யுரனோபிலைட்டில் ஒரு சல்ஃபேட்டுக்கு ஆறு யுரேனைல் இருப்பதால் யுரேனியம் 68 விழுக்காடு வரை போகும். சிப்பைட்டில் சுமார் 63. இது ஒரே கனிமம் அல்ல, ஒரு குடும்பம். பொட்டாசியம் இருந்தால் சிப்பைட், சோடியம் இருந்தால் நேட்ரோசிப்பைட், மக்னீசியம், கோபால்ட், நிக்கல், துத்தநாகம் என்று தனித்தனி உறுப்பினர்கள் உண்டு. கார்பனேட்டும் ஃபுளூரைடும் சேர்ந்த ஷ்ரோக்கிங்கரைட் என்ற உறவினரும் இருக்கிறது; அதில் யுரேனியம் சுமார் 27 விழுக்காடுதான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ரெட் கேன்யன் பகுதிச் சுரங்கங்களிலிருந்து 2013 முதல் வரிசையாகப் புதிய சோடியம் யுரேனைல் சல்ஃபேட்டுகள் விவரிக்கப்பட்டன. புளூலிசர்டைட், ஃபெர்மியைட், ஓப்பன்ஹைமரைட் ஆகியவை அந்த வரிசையில் வந்தவை.

1896-இல் பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டறிந்தபோது ஒளிப்படத் தகட்டின் மேல் வைத்ததும் ஒரு யுரேனிய சல்ஃபேட்டே. ஆய்வகத்தில் தயாரித்த பொட்டாசியம் யுரேனைல் சல்ஃபேட் படிகம் அது.

படி 1: பெட்டியைத் திறக்கும் முன்

மேசையில் விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு வையுங்கள். எஃகு அல்லது வழவழப்பான பிளாஸ்டிக் தட்டு நல்லது, மரமும் துணியும் ஆகாது. தட்டில் ஒரு வெள்ளைத் தாள் விரியுங்கள். உதிரும் துகள் அதில்தான் தெரியும். நைட்ரைல் கையுறை, துகள் வடிகட்டும் முகக்கவசம், மூடி போட்ட ஒரு சிறு குப்பைப் பை ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். சாப்பாடு, தேநீர், கைப்பேசி எதுவும் அந்த மேசையில் வேண்டாம்.

சன்னலைத் திறந்துவைத்து அதன் அருகிலோ, வெளியிலோ பெட்டியைத் திறங்கள். காரணம், ரேடான் என்ற கதிரியக்க வாயு. படலம் இளமையானதாக இருந்தாலும், அதன் அடியில் உள்ள பாறையில் யுரேனியத்தின் முதன்மைத் தாதுவான யுரனினைட் பழையதாக இருந்தால் ரேடியமும் இருக்கும். ரேடியம் இடைவிடாமல் ரேடான் வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். ரேடானின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதையும் காலம், 3.8 நாள். இறுக மூடிய பெட்டியில் நான்கு வாரத்தில் அது உச்ச அளவை எட்டிவிடும். திறந்ததும் வாயு வெளியேறும், ஆனால் அது சிதைந்து உண்டான வழித்தோன்றல்கள் மாதிரியின் மேலும் பெட்டியின் உட்புறத்திலும் ஒட்டியிருக்கும். அவை அடங்க மூன்று நான்கு மணி நேரம் ஆகும். ஆகையால் திறந்து வைத்துவிட்டு, நான்கு மணி நேரம் கழித்துத்தான் கதிரியக்கத்தை எண்ணும் கெய்கர் கருவியை அருகில் கொண்டுபோக வேண்டும். திறந்த கையோடு அளந்தால் எண்ணிக்கை ஏறிக்கிடக்கும். கீழே சொல்லப்போகும் தாள் சோதனையும் பொய் சொல்லும்.

முகர்ந்து பார்ப்பது, நாக்கில் வைப்பது இரண்டும் கூடாது. ஜோகன்னைட் கசக்கும் என்று பழைய கையேடுகளில் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தகவலை மறுபடி சரிபார்க்க யாரும் தேவையில்லை.

படி 2: உருப்பெருக்கியில் பார்த்தல்

மூடி தெளிவாக இருந்தால் மூடியோடே பாருங்கள். 10 மடங்கு லென்ஸ் போதும், 40 மடங்கு நுண்ணோக்கி இருந்தால் இன்னும் வசதி. வெப்பம் தரும் பழைய குமிழ் விளக்கு வேண்டாம். சில நிமிடச் சூட்டிலேயே படலம் நீரை இழக்கத் தொடங்கும். குளிர்ந்த எல்இடி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள்.

ஜோகன்னைட் மரகதப் பச்சையிலிருந்து வெளிர் பச்சை வரை இருக்கும். நீண்ட மெல்லிய தகடுகளாகவோ, அவை கூடிய சிறு உருண்டைகளாகவோ, பாறையின் மேல் பரவிய படிகப் பூச்சாகவோ காணலாம். இதோடு எளிதில் குழம்புவது டார்பர்னைட். அதுவும் பச்சை, அதுவும் செம்பும் யுரேனியமும் கொண்டது, ஆனால் பாஸ்பேட். டார்பர்னைட்டின் தகடுகள் சதுரம். விளிம்புகள் செங்கோணத்தில் சந்திக்கும். ஜோகன்னைட் முச்சரிவுப் படிகம்; அதில் செங்கோணத்தைத் தேடினாலும் கிடைக்காது. மூலைகள் சாய்ந்தே நிற்கும். இந்த ஒரு கோணத்தைக் கவனமாகப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

மஞ்சளில் சிக்கல் அதிகம். யுரனோபிலைட் எலுமிச்சை மஞ்சளில், நுண்ணூசிகள் நெருங்கி வெல்வெட் போலத் தெரியும். சிப்பைட் குடும்பம் மண் போன்ற பொடிப் பூச்சாக, மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வரை. யுரேனியமே இல்லாத இரும்புச் சல்ஃபேட்டான கோபியபைட்டும் இதே சுவர்களில் இதே நிறத்தில் பூக்கும். கார்னோடைட், யுரனோஃபேன், ஆட்டுனைட் என்று மற்ற யுரேனியக் கனிமங்களும் மஞ்சளே. நிறத்தை வைத்து மஞ்சள் படலத்துக்குப் பெயர் சூட்டுவதில் பயனில்லை.

படி 3: புற ஊதா ஒளி

365 நானோமீட்டர் அலைநீளமும், கண்ணுக்குத் தெரியும் ஊதாவைத் தடுக்கும் கருப்பு வடிப்பானும் உள்ள கைவிளக்கு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் விளக்கில் ஊதா ஒளி நிறையக் கசியும். மங்கலான ஒளிர்வு அதில் மூழ்கிப்போகும், வெள்ளைப் பாறையெல்லாம் நீலமாக மின்னும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணிந்து, அறையை நன்றாக இருட்டாக்கி, ஐந்து நிமிடம் கண் பழகிய பிறகு பாருங்கள்.

யுரனோபிலைட் பளிச்சென்ற மஞ்சள் கலந்த பச்சையில் ஒளிரும். ஷ்ரோக்கிங்கரைட்டும் அப்படித்தான். நேட்ரோசிப்பைட் நன்றாக ஒளிரும், சிப்பைட் மங்கலாக. கோபால்ட், நிக்கல் உறுப்பினர்களிடம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஜோகன்னைட் ஒளிரவே ஒளிராது. யுரேனைல் அயனி உறிஞ்சிய ஆற்றலைச் செம்பு வேறு வழியில் வடித்துவிடுகிறது. இரும்பும் இதையே செய்யும். ஆகவே ஒளிரவில்லை என்பதால் யுரேனியம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பச்சை மாதிரி ஒளிராமல் இருக்க, அதில் அங்கங்கே சில புள்ளிகள் மட்டும் மஞ்சள் பச்சையில் மின்னினால், ஜோகன்னைட்டோடு யுரனோபிலைட்டும் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். யாக்கிமோவ் மாதிரிகளில் இந்தக் கலப்பு அரிதல்ல.

கையடக்க நிறமாலைக் காட்டி இருந்தால் ஒளிர்வை அதன் வழியாகப் பாருங்கள். யுரேனைலின் பச்சை ஒளி தொடர்ச்சியாக இராது, பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும். ஒட்டுப்பசை, காகித இழை போன்றவற்றின் ஒளிர்வுக்கு அந்தப் பட்டைகள் கிடையாது.

படி 4: கெய்கர் கருவியில் நான்கு அளவீடு

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது என்பதால் விரிவாகவே பார்ப்போம். கருவியின் திரையில் மைக்ரோசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர் அளவின் அலகு) காட்டினால் அதைக் கண்டுகொள்ளாதீர்கள். அந்த அலகு காமாக் கதிரை, பெரும்பாலும் சீசியம்-137 காமாவை, வைத்து அளவு திருத்தப்பட்டது. உங்கள் மாதிரியிலிருந்து வருவது பெரும்பகுதி பீட்டா. அதனால் திரையில் வரும் எண் பல மடங்கு மிகையாக இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்ற எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குழாய் எந்த வகை என்பதும் முக்கியம். மெல்லிய மைக்கா சாளரம் உள்ள தட்டையான குழாய் ஆல்பா, பீட்டா, காமா மூன்றையும் பிடிக்கும். உலோகச் சுவர் கொண்ட உருளைக் குழாய் ஆல்பாவைப் பிடிக்காது. அழுக்குப் படாமலிருக்கச் சாளரத்தின் மேல் சமையலறைப் படலம் சுற்றுவது பலரின் பழக்கம். அதை எடுக்காமல் ஆல்பா சோதனை செய்தால் விடை வராது. எடுத்துவிட்டால் சாளரம் மாதிரியைத் தொடவே கூடாது. மைக்கா கிழிந்தால் குழாய் போயிற்று.

அளக்கும் முறை இது. முதலில் மாதிரியை வேறு அறையில் வைத்துவிட்டுப் பின்னணியைப் பத்து நிமிடம் எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு மாதிரிக்கு மேல் சாளரத்தை 5 முதல் 10 மில்லிமீட்டர் தூரத்தில் ஒரு தாங்கியில் நிறுத்துங்கள். கையில் பிடித்து அளக்க வேண்டாம், தூரம் மாறினால் எண்ணிக்கை மாறிவிடும். அடுத்தடுத்து நான்கு அளவீடு எடுங்கள்: எதுவும் வைக்காமல் ஒன்று, சாதாரண எழுதும் தாள் ஒன்றை இடையில் வைத்து ஒன்று, இரண்டாவது தாளும் சேர்த்து ஒன்று, தாள்களை எடுத்துவிட்டு 4 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வைத்து ஒன்று. ஒவ்வொன்றிலும் பின்னணியைக் கழித்துக்கொள்ளுங்கள். எண்ணிய துடிப்புகளின் வர்க்கமூலமே அந்த அளவீட்டின் பிழை. 400 எண்ணினால் பிழை 20, அதாவது 5 விழுக்காடு. 10,000 எண்ணினால் 1 விழுக்காடு. ஒரு நிமிடம் மட்டும் எண்ணிவிட்டுச் சிறு வித்தியாசத்துக்குப் பொருள் தேடுவது வீண் வேலை.

யுரேனியத்தின் ஆல்பா முதல் தாளிலேயே நின்றுவிடும். இரண்டாவது தாளில் குறைவது மென்மையான பீட்டாவில் ஒரு பங்கு. ஆகவே முதல் தாளில் விழுந்தது இரண்டாவது தாளில் விழுந்ததைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால், ஆல்பா வருகிறது என்று பொருள். ஆல்பா கனிமத்தின் மேற்பரப்பில் சில பத்து மைக்ரோமீட்டர் ஆழத்திலிருந்துதான் வெளியேற முடியும். அப்படியானால் யுரேனியம் நீங்கள் பார்க்கும் அந்தப் படலத்திலேயே இருக்கிறது. தாள் வைத்தும் எண்ணிக்கை அசையாமல் இருந்தால், கதிர் கீழே உள்ள பாறையிலிருந்து வருகிறது. மேலே பூத்திருப்பது வெறும் கோபியபைட்டாக இருக்கலாம். கருவி கடகடவென்று ஒலிப்பதைக் கேட்டே யுரேனியக் கனிமம் என்று எழுதிவிடுபவர்கள் தவறுவது இங்கேதான்.

அலுமினியத் தகடு சொல்வது வேறு சேதி. யுரேனியம்-238 சிதைந்து தோரியம்-234 ஆகிறது, அது புரோட்டாக்டினியம்-234 ஆகிறது. தோரியம்-234-இன் அரை ஆயுள் 24 நாள். ஆகையால் கனிமம் உருவாகிச் சில மாதங்களிலேயே இவை இரண்டும் முழு அளவுக்கு வந்துவிடும். கருவி பிடிக்கும் வன்மையான பீட்டா புரோட்டாக்டினியத்துடையது. அதன் உச்ச ஆற்றல் 2.27 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதை 4 மில்லிமீட்டர் அலுமினியமோ 10 மில்லிமீட்டர் அக்ரிலிக்கோ நிறுத்திவிடும். ஆனால் இந்தச் சிதைவுச் சங்கிலியில் அதற்கு அப்பால் இருக்கும் தோரியம்-230-க்கு அரை ஆயுள் 75,000 ஆண்டுக்கு மேல், ரேடியம்-226-க்கு 1,600 ஆண்டு. சுரங்கச் சுவரில் அண்மையில் பூத்த படலத்தில் இவை வளர நேரமே இல்லை. காமாவின் பெரும்பகுதி ரேடியத்துக்குப் பின்வரும் ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டிலிருந்தும் வருவது. ரேடியம் இல்லையென்றால் அவையும் இல்லை.

உதாரணமாக, பின்னணி கழித்தபின் வெறுமனே 1,200, முதல் தாளில் 900, இரண்டாம் தாளில் 850, அலுமினியத்தில் 20 என்று வைத்துக்கொள்வோம். முதல் தாளில் 300-உம் இரண்டாம் தாளில் 50-உம் விழுந்திருக்கின்றன. படலத்தில் யுரேனியம் உண்டு. அலுமினியத்துக்குப் பின் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ரேடியம் குறைந்த, இளமையான மாதிரி. மாறாக அலுமினியத்தில் 200 நின்றால் பாறைக்குள் பழைய தாது இருக்கிறது. படலம் இளமையாகவே இருக்கலாம், ஆனால் பெட்டியைக் கையாளும்போது ரேடானைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

சிறு காமா நிறமாலைமானி வைத்திருப்பவர்கள் இதையே நேரடியாகப் பார்க்கலாம். இளமையான யுரேனியத்தில் 63, 93 கிலோ எலக்ட்ரான் வோல்ட் முகடுகள் மேலோங்கும். ரேடியம் இருந்தால் 295, 352, 609 முகடுகள் எழும். 186 முகட்டை மட்டும் வைத்து எதையும் சொல்லாதீர்கள். யுரேனியம்-235-உம் ரேடியம்-226-உம் அங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. சிறிய கருவிகளால் அவற்றைப் பிரிக்க முடியாது.

படி 5: ஒரு துகளைப் பலியிடும் சோதனை

தாளில் ஏற்கெனவே உதிர்ந்த துகள் இருந்தால் மட்டும் செய்யுங்கள், இதற்காக மாதிரியைச் சுரண்ட வேண்டாம். கண்ணாடிச் சில்லில் துகளை வைத்து நுண்ணோக்கியின் கீழ் ஒரு துளி வடிகட்டிய நீர் விடுங்கள். யூட்டாவின் சோடியம் வகைகளில் பல கண்முன்னே கரையும். ஜோகன்னைட் மெதுவாகக் கொஞ்சம் கரையும். டார்பர்னைட்டும் கார்னோடைட்டும் அப்படியே கிடக்கும். யுரனோபிலைட்டும் சிப்பைட்டும் நீருக்கு எளிதில் அசையாது, அமிலத்தில் கரையும். இன்னொரு துகளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் குமிழி வந்தால் கார்பனேட் இருக்கிறது, ஷ்ரோக்கிங்கரைட்டை யோசியுங்கள். முடிந்ததும் சில்லைக் கழுவாதீர்கள். உலர விட்டு, பையிலிட்டு மூடி, யுரேனியக் கழிவு என்று எழுதி வையுங்கள்.

படி 6: ஆய்வகத்துக்குக் கொடுக்கும்போது

வீட்டுச் சோதனைகள் இது ஜோகன்னைட்டாக இருக்கலாம் என்பது வரைதான் கொண்டுவிடும். சிப்பைட் குடும்பத்தில் எது என்று அறிய ஆய்வகம் கட்டாயம். ஆய்வகத்துக்கும் சில பொறிகளை முன்கூட்டியே சொல்லி அனுப்புவது நல்லது.

மின்னணு நுண்ணோக்கியோடு செய்யும் எக்ஸ்-கதிர்த் தனிமப் பகுப்பாய்வில், பொட்டாசியத்தின் 3.31 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடு யுரேனியத்தின் 3.34 கோட்டுக்குள் மறைந்துவிடும். சிப்பைட் பொட்டாசியம் கொண்டது என்பதால் இது சிறு விஷயம் அல்ல. தானியங்கி அறிக்கை பொட்டாசியத்தைத் தவறவிடவும் செய்யும், இல்லாததை இருப்பதாகக் காட்டவும் செய்யும். கந்தகத்தின் 2.31 கோடும் மாலிப்டினம், ஈயம் இவற்றின் கோடுகளோடு மோதும். யுரேனியத் தாதுக்களில் இவை இரண்டும் வழக்கமான விருந்தாளிகள். இவற்றை அலைநீளம் பிரித்துப் பார்க்கும் கருவியால் விலக்கலாம். தவிர, நுண்ணோக்கியின் வெற்றிடத்தில் நீர் வெளியேறி மாதிரி மாறிவிடும். அங்கே போன துகளைத் திருப்பிச் சேகரிப்பில் சேர்க்காதீர்கள்.

ராமன் நிறமாலை நல்ல தேர்வு. துகளை அரைக்க வேண்டியதில்லை. சல்ஃபேட்டின் முகடு 1,000 அலையெண்ணைச் சுற்றியும் யுரேனைலின் முகடு 840-ஐச் சுற்றியும் வரும். இரண்டும் சேர்ந்து வந்தால் யுரேனைல் சல்ஃபேட் என்பது உறுதியாகும். லேசர் வலிமையைக் குறைத்துத் தொடங்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அளக்கும்போதே அந்தப் புள்ளி வெந்து வேறு பொருளாகிவிடும். இறுதித் தீர்ப்பு எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில்தான். அதற்குச் சில மில்லிகிராம் பொடி வேண்டும், அதை அரைப்பது ஆய்வகத்தின் வேலை. வீட்டில் உரலை எடுக்க வேண்டாம்.

படி 7: சேமிப்பு

உண்மையான ஆபத்து எது என்று முதலில் எடைபோடுவோம். 100 மில்லிகிராம் ஜோகன்னைட்டில் 49 மில்லிகிராம் யுரேனியம் இருக்கிறது. அதன் யுரேனிய ஐசோடோப்புகளின் கதிரியக்கம் சுமார் 1,200 பெக்கரல், அதாவது நொடிக்கு அத்தனை சிதைவுகள். அரை மீட்டர் தள்ளி ஓர் அலமாரியில் இருந்தால் அதனால் வரும் வெளிக்கதிர் அற்பம். அதே 49 மில்லிகிராம் நீரில் போனால் கதை வேறு. குடிநீரில் யுரேனியத்துக்கு உலக சுகாதார அமைப்பு தந்திருக்கும் வழிகாட்டு மதிப்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். அந்தக் கணக்கில் 1,600 லிட்டர் நீரை அந்த மதிப்புக்குக் கொண்டுவர இந்தச் சிறு துகளே போதும். கரையும் யுரேனியம் முதலில் தாக்குவது சிறுநீரகத்தை, அதுவும் கதிரியக்கத்தால் அல்ல, வேதி நச்சால். தூளாக மூச்சில் போனால் ஆல்பாவும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஈயப் பெட்டியைத் தேடி அலைவதைவிட, தூள் வெளியே வராத பெட்டியும் நீர் உள்ளே போகாத இடமும் தேடுவதுதான் புத்தி. பீட்டாவுக்கு ஈயம் பொருத்தமும் இல்லை. பீட்டா ஈயத்தில் மோதினால் புதிதாக எக்ஸ்-கதிர் பிறக்கும். அக்ரிலிக் போதும்.

பாறையின் அடிப்பகுதியை மட்டும் கனிமப் பிசினால் பெட்டித் தளத்தில் ஒட்டி, அசையாமல் நிறுத்துங்கள். படலம் மூடியைத் தொடக் கூடாது. மெருகோ பசையோ தெளித்துப் படலத்தைக் 'காப்பாற்ற' முயலாதீர்கள். நிறம் மாறும், பிற்காலப் பகுப்பாய்வும் கெடும். தூசி தட்டத் தூரிகை, ஊதுகுழல், மீயொலித் தொட்டி எதுவும் ஆகாது. தூசியோடேயே இருக்கட்டும்.

ஈரப்பதம்தான் நுட்பமான பகுதி. பிளாஸ்டிக் பெட்டியோடு தரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பலர் நல்லெண்ணத்தில் உள்ளே விட்டுவைக்கிறார்கள். அது நீரை உறிஞ்சி உறிஞ்சி யுரனோபிலைட்டை நீர் குறைந்த மெட்டாயுரனோபிலைட்டாக மாற்றும். பளபளப்பு போய்ப் பொடியாகும். மறுபக்கம், ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் பாறையிலுள்ள பைரைட்டும், இன்னொரு இரும்புச் சல்ஃபைடான மார்க்கசைட்டும் அரிக்கத் தொடங்கி அமிலம் சுரக்கும், கரையும் வகைகள் கசியும். 45 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிலையாக வைப்பது இரண்டுக்கும் நடுவான வழி. ஈரத்தை ஏற்கவும் விடவும் செய்யும் இருவழிப் பொட்டலங்கள் குறிப்பிட்ட அளவுக்கென்றே கிடைக்கின்றன. அதில் ஒன்றைப் போட்டு, சிறு ஈரமானியையும் வைத்துவிடுங்கள். பொட்டலம் மாதிரியைத் தொடாமல் ஒரு தடுப்பு இருக்கட்டும். வெயிலும் விளக்குச் சூடும் படாத இடம் வேண்டும்.

அலுமினியச் சோதனையில் ரேடியம் தெரிந்த மாதிரியைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். பாறையில் 10 கிராம் பழைய யுரேனியம் இருந்தால் அதோடு 1,24,000 பெக்கரல் ரேடியம் இருக்கும். அது விடும் ரேடானில் பத்தில் ஒரு பங்கு மட்டும் பாறையை விட்டு வெளியேறினாலும், காற்றோட்டமே இல்லாத 30 கன மீட்டர் அறையில் கன மீட்டருக்கு 400 பெக்கரல் வரை சேரலாம். உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு 100. காற்றோட்டம் உள்ள அறையில் இது வெகுவாகக் குறையும்.

பெட்டியின் வெளியே கதிரியக்கக் குறியும் கனிமப் பெயர், கிடைத்த இடம், அளந்த எண்ணிக்கை, தேதி இவையும் எழுதுங்கள். சீட்டை உள்ளே வைக்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் பீட்டா பட்டுத் தாள் பழுப்பேறும், அதில் தூளும் படியும்.

சிந்தினால், அனுப்பினால், வேண்டாமென்றால்

சிந்திய துகளைத் துடைப்பத்தாலோ வீட்டுத் தூசி உறிஞ்சியாலோ எடுக்கக் கூடாது. அது அறை முழுக்கப் பரப்பும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தால் துகள்களை ஒற்றி எடுங்கள். பிறகு ஈரத் தாளால் ஓரத்திலிருந்து நடு நோக்கித் துடையுங்கள், ஒவ்வொரு துடைப்புக்கும் புதிய மடிப்பு. கெய்கர் சாளரத்தை ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். வேகமாக நகர்த்தினால் சிறு துகள் தப்பிவிடும். எண்ணிக்கை பின்னணிக்கு இறங்கும்வரை திரும்பச் செய்யுங்கள்.

வாங்கவும் விற்கவும் வைத்திருக்கவும் நாட்டுக்கு நாடு விதி வேறு. சில நாடுகளில் யுரேனியம் எந்த அளவிலும் அனுமதிக்குட்பட்டது. அணுசக்தி ஒழுங்குமுறை அமைப்பிடம் எழுதிக் கேட்டபின் பணம் கட்டுங்கள். அனுப்புவதென்றால் சர்வதேசப் போக்குவரத்து விதிகளில் விலக்குப் பொதிகளின் (கதிரியக்கம் குறைவு என்பதால் பல விதிகளிலிருந்து விலக்கப்பட்டவை) வெளிப்புறத்தில் எந்த இடத்திலும் மணிக்கு 5 மைக்ரோசீவர்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த அளவீட்டுக்குக் காமாவுக்கு ஏற்ற, அளவு திருத்திய கருவி வேண்டும். படி 4-இல் சொன்ன எண்ணிக்கை உதவாது. பொதி விலக்குக்குள் வந்தாலும், அஞ்சல் நிறுவனம் ஏற்குமா என்று தனியாக விசாரிக்க வேண்டும்.

மாதிரி வேண்டாம் என்றால் குப்பைத் தொட்டியிலோ கழுவுதொட்டியிலோ தோட்டத்து மண்ணிலோ போடாதீர்கள். புவியியல் துறையுள்ள பல்கலைக்கழகமோ கனிம அருங்காட்சியகமோ, கிடைத்த இடத்தின் விவரமும் அளவீடுகளும் சேர்ந்திருந்தால் வாங்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் கழிவை எங்கே ஒப்படைப்பது என்று அதே ஒழுங்குமுறை அமைப்பிடம் கேளுங்கள். பயன்படுத்திய கையுறை, நாடா, கண்ணாடிச் சில் அடங்கிய பையையும் அதோடு சேர்த்தே கொடுங்கள்.